வெளிநாட்டில் பிஎச்.டி. படிக்க வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்க வேண்டுமா?

குடியாத்தம் கெமிஸ்ட்ரி:

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம் படிக்கிறேன். கல்லூரி வேலூரில், வீடு குடியாத்தத்தில். அப்பா கைத்தறியில் லுங்கி நெய்கிறார், அம்மா பேர்ணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறார். என் புராஜெக்ட் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் எடுத்த மண்ணில் இருக்கிற குரோமியம் பற்றியது. அந்த மண்ணிலேயே வாழ்கிற சில பாக்டீரியாக்கள் விஷத்தன்மை அதிகமான ஆறு இணைதிறன் குரோமியத்தை, ஆபத்து குறைந்த மூன்று இணைதிறனாக மாற்றுகின்றனவா என்று பார்க்கிறேன். கைடு மேடம் "இதையே வெளியில் போய் பிஎச்.டி.யாகச் செய், உனக்கு வரும்" என்கிறார், ஆனால் எப்படிப் போவது என்று கேட்டால் அவருக்கும் அவ்வளவாகத் தெரியவில்லை.

போன வாரம் அப்பாவோடு வேலூரில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. சீட் வாங்கித் தருகிறோம், கட்டணம் வருஷத்துக்கு 25 லட்சம், தங்கும் செலவு தனி, லோனும் நாங்களே ஏற்பாடு செய்கிறோம், இப்போதைக்குப் பதிவுக்கு 60 ஆயிரம் கட்டுங்கள் என்றார்கள். பஸ் ஏறுகிற வரைக்கும் அப்பா ஒன்றும் பேசவில்லை, ஏறிய பிறகு "தறி வீட்டுப் பத்திரத்த வெச்சா எவ்ளோ தருவான்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

உண்மையிலேயே இவ்வளவு பணம் ஆகுமா? ஜெர்மனியில் இலவசம் என்கிறார்கள், ஆனால் வங்கியில் பத்துப் பன்னிரண்டு லட்சம் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். அமெரிக்கா என்றால் ஜிஆர்ஈ நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமா? அரசு உதவித்தொகை எங்கள் மாதிரி வீட்டுக்கு வருமா? இல்லை பேசாமல் இங்கே ஆய்வு உதவித்தொகைக்கான நெட் தேர்வை எழுதிவிட்டு இங்கேயே இருந்துவிடலாமா?

டோல்கேட் டீ:

அறுபதாயிரம் கட்டியாச்சா இல்லையா, அதை முதலில் சொல்லும்மா. கட்டவில்லை என்றால் அந்த மாடிப்படியை மறுபடி ஏறாதே. அவர்கள் மேல் தனியாகக் கோபப்பட ஒன்றும் இல்லை, கணக்கு அப்படித்தான். மாணவரைச் சேர்த்துவிட்டால் கல்லூரி கமிஷன் தரும், ஆகவே கமிஷன் தருகிற கல்லூரியைத்தான் காட்டுவார்கள். சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கிற ஆய்வுக்கூடத்தில் கமிஷனுக்கு இடமே இல்லை. அப்படி ஒரு வழி இருப்பதையே உன்னிடம் சொல்ல மாட்டார்கள்.

வாலாஜா டு லைப்சிக்:

அப்பாவிடம் பத்திரத்தைப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். உங்கள் துறையில், அதாவது ஆய்வுக்கூடம் சார்ந்த அறிவியலில், பிஎச்.டி.க்கு நீங்கள் பணம் கட்டுவது வழக்கம் இல்லை, உங்களுக்குத்தான் பணம் தருவார்கள். கைக்காசு போட்டுப் படி என்கிற இடம் வந்தால் அடுத்த இடம் பாருங்கள்.

ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன், நார்வே, இந்த நாடுகளில் பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியர். வேலைக்கு ஆள் எடுப்பது மாதிரி விளம்பரம் வரும், விண்ணப்பம், ஜூம் நேர்காணல், ஒப்பந்தம். ஜெர்மனியில் அந்த விளம்பரத்தின் அடியில் 'டிவி-எல் ஈ13, 65%' என்று ஒரு வரி இருக்கும், அதுதான் சம்பளம்: மாநில அரசு ஊழியர் சம்பள அட்டவணையில் 13ஆம் நிலை, அதில் 65%. முழு ஈ13 தொடக்க நிலை 2025 கணக்கில் மாதம் ஏறத்தாழ 4,600 யூரோ, அதில் 65% என்றால் 3,000 யூரோ சுமார், வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் பிடித்து கைக்கு 2,000 யூரோ வருகிறது. வேதியியலில் பாதி, 65%, முக்கால் எல்லாம் உண்டு. சதவீதம் எதுவாக இருந்தாலும் ஆய்வுக்கூடத்தில் முழு நாளும்தான் இருப்பீர்கள், அதைத் தெரிந்துகொண்டே வாருங்கள். கல்விக் கட்டணம் கிடையாது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை செமஸ்டர் பங்களிப்பு என்று சில நூறு யூரோ கட்டுவோம்.

வங்கியில் காட்ட வேண்டிய பணம் என்று நீங்கள் கேள்விப்பட்டது முடக்கப்பட்ட கணக்கு, அதாவது பணத்தை முன்னாடியே போட்டு வைத்து, மாதா மாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்க முடிகிற கணக்கு. வருஷத்துக்கு 11,904 யூரோ, 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை. அது வருமானம் எதுவும் இல்லாமல் மாஸ்டர்ஸ் படிக்க வருகிறவர்களுக்கு. கையில் சம்பள ஒப்பந்தமோ போதுமான உதவித்தொகைக் கடிதமோ இருந்தால் அந்தக் கணக்கு வேண்டாம்.

எந்த இணையதளத்தில் தேடுவது என்றால், ஐரோப்பா முழுக்கவும் யூராக்ஸஸ், நெதர்லாந்துக்கு அகாடமிக் டிரான்ஸ்ஃபர், நார்வேக்கு ஜாப்நார்கே. நான் இருக்கிற ஊரிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் இருக்கிறது, மண்ணிலும் நிலத்தடி நீரிலும் நுண்ணுயிர்கள் என்ன செய்கின்றன என்பது அவர்களுக்கு அன்றாட வேலை. சுவிட்சர்லாந்தில் ஈவாக் நீர் ஆய்வு நிறுவனம், நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகம், இவற்றின் வேலைவாய்ப்புப் பக்கங்களை வாரம் ஒரு தரம் பாருங்கள். மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டம் ஒன்று உண்டு, சம்பளம் நன்றாக இருக்கும். அதில் ஒரு நிபந்தனை நமக்குச் சாதகம்: எந்த நாட்டில் வேலையோ அந்த நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. குடியாத்தத்தைத் தாண்டாதவர்களுக்கு இதைவிடச் சுலபமான நிபந்தனை ஏது?

டிஏஏடி என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகையும் இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு பேராசிரியர் உங்களை ஏற்றுக்கொள்கிறேன் என்று முன்னாடியே எழுதித் தந்திருக்க வேண்டும். ஆக எந்தப் பக்கம் போனாலும் ஒரு பேராசிரியருக்கு உங்கள் வேலை பிடிக்க வேண்டும் என்பதில்தான் வந்து நிற்கும்.

பணம் உண்மையில் இடிக்கிற இடம் வேறு. முதல் சம்பளம் வருவதற்குள் விமான டிக்கெட், 75 யூரோ விசா கட்டணம், முதல் மாத வாடகை, அதற்கு மேல் வீட்டு அட்வான்ஸ். ஜெர்மனியில் அட்வான்ஸாக மூன்று மாத வாடகை வரை கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. இரண்டரை மூன்று லட்சம் கையில் இருந்தால் சமாளிக்கலாம். மாணவர் விடுதியில் அறை கிடைத்தால் இன்னும் குறையும். இந்தத் தொகைக்குப் பத்திரம் எல்லாம் தேவையே இல்லை. அரசு வங்கிகளில் 7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது, சொத்து ஈடு கேட்காமல் கொடுக்கலாம். மேனேஜர் தெரியாத மாதிரி பேசினால் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு அந்த எண்ணோடு போய் உட்காருங்கள். ஜே.என். டாடா அறக்கட்டளையும் 1892லிருந்து வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் உதவித்தொகை தருகிறது, திருப்பிக் கட்ட வேண்டும்.

ஆற்காட்டு மக்கன்பேடா:

அமெரிக்கா பற்றி நான் சொல்கிறேன், இங்கே நாலாவது வருஷம் ஓடுகிறது. வேதியியல் துறைகளில் சேர்க்கைக் கடிதத்திலேயே எல்லாம் வந்துவிடும்: டியூஷன் (கல்விக் கட்டணம்) தள்ளுபடி, மாத உதவித்தொகை, அதற்கு ஈடாக இளங்கலை மாணவர்களுக்கு லேப் எடுப்பது அல்லது பேராசிரியரின் திட்டத்தில் வேலை. ஐந்து வருஷம் ஆகும், சிலருக்கு ஆறு. பேராசிரியரை முன்னாடியே பிடிக்க வேண்டும் என்கிற கட்டாயம் பல துறைகளில் இல்லை, சேர்ந்த பிறகு முதல் வருஷத்தில் தேர்ந்தெடுப்போம். ஜிஆர்ஈ பல இடங்களில் எடுத்துவிட்டார்கள், ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் பார்த்துக்கொள்.

கடிதம் வந்தால் குதிப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் கேள். உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? ஒன்பது என்றால் கோடையில் யார் சோறு போடுவது? இன்னொன்று, டியூஷன் தள்ளுபடி என்று பெரிதாகப் போட்டுவிட்டு, மாணவர் கட்டணம், காப்பீடு என்று தனியாக ஒன்றைப் பிடிப்பார்கள், அது எவ்வளவு?

கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரில். விண்ணப்பக் கட்டணம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 75 டாலரிலிருந்து 100க்கு மேலும் போகும், பத்து இடத்துக்குப் போட்டால் அப்பாவின் பல மாத நெசவுக் கூலி. ஆனால் துறை அலுவலகத்துக்கு மெயில் போட்டு, குடும்ப வருமானம் இவ்வளவுதான், கட்டண விலக்கு கிடைக்குமா என்று கேட்டால் பல வேதியியல் துறைகள் தருகின்றன. கேட்க வெட்கப்படாதே, இங்கே பிறந்தவர்களும் கேட்கிறார்கள். உதவித்தொகையோடு சேர்க்கை வந்தால் ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் உண்டு, பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அந்தத் தேதிக்கு ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்கு முன்னால் பதில் சொல் என்று யாராவது நெருக்கினால் பயப்பட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 2025ல் இங்கே மத்திய அரசின் ஆய்வு நிதியில் கை வைத்தார்கள், சில இடங்களில் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தார்கள், கொடுத்த இடத்தையே திரும்ப வாங்கியதும் நடந்தது. ஆகவே அமெரிக்காவை மட்டும் நம்பி இருக்காதே.

இங்கிலாந்திலும் காசு இல்லாமல் வழி இருக்கிறது, அதையும் கன்சல்டன்சியில் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த நாட்டு அரசின் ஆய்வு நிதியில் நடக்கிற பிஎச்.டி. இடங்களுக்கு 2021லிருந்து வெளிநாட்டவரும் போட்டியிடலாம், முப்பது சதவீதம் வரை. 2025–26க்கு உதவித்தொகை 20,780 பவுண்டு. போட்டி கடுமை, ஆனால் 25 லட்சம் கட்டுவதற்கு முன்னால் அதைத்தான் முயற்சி செய்ய வேண்டும்.

சத்துவாச்சாரி ரிட்டயர்டு:

பாப்பா, அரசு உதவித்தொகை பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மத்திய சமூகநீதித் துறையின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. பலர் அதை எஸ்.சி. மாணவர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். மொத்தம் 125 இடத்தில் 115 அவர்களுக்கு, 6 சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினருக்கு, மீதி 4 நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் குடும்பத்துக்கு. அப்பா கைத்தறி நெசவாளர் என்பதால் கடைசிப் பிரிவில் நீ பொருந்துகிறாயா என்று அந்த வருஷ விதிமுறையை எடுத்துப் படி, கைத்தறித் துறையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அப்பாவுக்கு அடையாள அட்டை இருந்தால் எடுத்து வை. வருமான வரம்பு 8 லட்சம், வயது 35க்குள், பட்டத்தில் 60%, உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் இருக்கிற பல்கலைக்கழகம். கட்டணம் முழுக்க, அதற்கு மேல் வருஷத்துக்கு 15,400 டாலர் பராமரிப்பு, இங்கிலாந்து என்றால் 9,900 பவுண்டு.

ஆனால் இந்தியா முழுக்கவும் நாலு இடம் என்பதை மறந்துவிடாதே. அதோடு 2025ல் 106 பேரைத் தேர்வு செய்துவிட்டு முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். தேர்வுப் பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு விமான டிக்கெட் போட்ட பிள்ளை என்ன செய்யும்? இதைப் படிக்கிற ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகள் மாநில அரசின் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையையும் சேர்த்து விசாரியுங்கள், சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டால் படிவம், தேதி எல்லாம் சொல்வார்கள்.

அப்புறம் நெட். "பேசாமல் இங்கேயே இருந்துவிடலாமா" என்று ஏதோ தோற்ற மாதிரி கேட்டிருக்கிறாய். சிஎஸ்ஐஆர் நெட் வேதியியலில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948லிருந்து இருக்கிறது, தோலும் குரோமியமும் அவர்கள் துறை. இங்கே பிஎச்.டி. பதிவு செய்துவிட்டு ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு நல்கையில் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்கா போய் வேலை செய்துவிட்டு வரலாம். அம்மா அப்பா பக்கத்தில் இருப்பார்கள்.

காட்பாடி ஜங்ஷன்:

ஐயா சொல்வது சரி, ஆனால் 'அம்மா அப்பா பக்கத்தில்' என்பதை ஆண் பிள்ளை கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா? நெட் எழுதட்டும், வெளிநாட்டுக்கும் போடட்டும். இரண்டுக்கும் படிப்பு ஒன்றுதான்.

சத்துவாச்சாரி ரிட்டயர்டு:

ஆண் பிள்ளைக்கும் சொல்லியிருப்பேன் தம்பி. என் பையன் டொரான்டோவில் இருக்கிறான், அதனால்தான் சொல்கிறேன்.

குடியாத்தம் கெமிஸ்ட்ரி:

எல்லோருக்கும் நன்றி. அறுபதாயிரம் கட்டவில்லை. நேற்று சாயந்திரம் இதையெல்லாம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், "சம்பளம் குடுத்து படிக்க வெக்கிறாங்களா, எதுக்கு?" என்று அவருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. அவர்கள் ஆய்வுக்கு ஆள் வேண்டும் அப்பா என்றேன்.

லைப்சிக் அண்ணா, பேராசிரியருக்கு மெயில் எழுதிப் பார்த்தேன். 'டியர் சார் ஆர் மேடம்' என்று ஆரம்பித்து, நான் கடின உழைப்பாளி, சின்ன வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம், உங்கள் மதிப்புமிக்க ஆய்வுக்கூடத்தில் சேர்வது என் கனவு என்று ஒரு பக்கம் வந்திருக்கிறது. இணையத்தில் ஒரு மாதிரியைப் பார்த்துத்தான் எழுதினேன். சரியா? இன்னொன்று, 5,000 கட்டினால் ஒரு வாரத்தில் பேப்பர் போட்டுத் தருகிறோம் என்று ஒரு ஜர்னலிலிருந்து மெயில் வந்தது. பேப்பர் இருந்தால் வாய்ப்பு கூடுமா?

வாலாஜா டு லைப்சிக்:

ஜர்னல் மெயிலை அழித்துவிடுங்கள். அந்த மாதிரி பேப்பர் சி.வி.யில் இல்லாமல் இருப்பதே நல்லது, பார்க்கிறவர்களுக்கு ஜர்னல் பெயரைக் கண்டதும் தெரிந்துவிடும். எம்.எஸ்சி. மாணவரிடம் பேப்பர் இல்லை என்று இங்கே யாரும் குறை சொல்வதில்லை.

இப்போது மெயில். எங்கள் குரூப் தலைவருக்கு வருகிற மெயில்களில் பெயர் போடாமல் 'டியர் சார்' என்று வருவதை அவர் திறப்பதே இல்லை. கடின உழைப்பாளி, கனவு, மதிப்புமிக்க, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், கேரளாவிலிருந்து வருகிற மெயிலிலும் பாகிஸ்தானிலிருந்து வருகிற மெயிலிலும் அதேதான் இருக்கும். உங்களிடம் மட்டும் இருப்பது என்ன? அந்த மண். 1990களில் மூடிய தொழிற்சாலை விட்டுப்போன குரோமியக் கழிவு மேட்டுப் பக்கத்தில் வாழப் பழகிய பாக்டீரியா உங்கள் தட்டில் இருக்கிறது, அது இங்கே யாரிடமும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். ஆறு இணைதிறன் குரோமியத்தை டைஃபீனைல்கார்பசைடு போட்டு, வருகிற நிறத்தை 540 நானோமீட்டர் ஒளியில் அளந்து பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன், எம்.எஸ்சி. லேபில் வேறு வழி இருக்காது. அதில் ஆறு இணைதிறன் குறைந்தது என்று மட்டும்தான் தெரியும். குறைந்தது மூன்றாக மாறியதா, இல்லை செல்லின் சுவரில் ஒட்டிக்கொண்டு கரைசலிலிருந்து காணாமல் போனதா? கரைசலில் மொத்தக் குரோமியத்தையும் ஏஏஎஸ்ஸில் (அணு உறிஞ்சல் நிறமாலைக் கருவி) அளந்து பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அந்த எண்ணை எழுதுங்கள். பார்க்க முடியவில்லை என்றால், இந்த இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை, உங்கள் குரூப் எக்ஸ்ரே உறிஞ்சல் நிறமாலை வைத்து வேறு உலோகத்தில் இதைச் செய்ததைப் படித்தேன், அதே முறை இங்கே சரிவருமா என்று கேளுங்கள். உண்மையிலேயே அவர்களுடைய பேப்பரைப் படித்துவிட்டு. பேராசிரியருக்குப் பதில் எழுதத் தோன்றுவது அந்த வரிக்குத்தான்.

மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரி போதும். சப்ஜெக்ட்டில் ராணிப்பேட்டை, குரோமியம் இரண்டும் வரட்டும். சி.வி. இரண்டு பக்கம், பிடிஎஃப். அப்பா பெயர், மதம், பாஸ்போர்ட் எண் எல்லாம் வேண்டாம். ஒரு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஊக்கக் கடிதம் தனியாகக் கேட்டால், 1996ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் டேனரிகள் பற்றிக் கொடுத்த தீர்ப்பை ஒரு வரி சொல்லலாம். சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்களுக்குப் பழக்கமான வழக்கு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தில் உறுதியானதில் அதற்குப் பெரிய பங்கு. 2025 ஜனவரியில் பாலாறு பற்றி மறுபடி தீர்ப்பு வந்தது. பிரச்சினை இன்னும் உயிரோடு இருக்கிறது, அதன் பக்கத்தில் வளர்ந்த பெண் அதைப் பற்றி எழுதுகிறாள் என்பதற்கு ஒரு எடை உண்டு. ஒரு வரிக்கு மேல் வேண்டாம், அழுகிற தொனியும் வேண்டாம்.

குடியாத்தம் கெமிஸ்ட்ரி:

540தான் அண்ணா! ஏஏஎஸ் எங்கள் கல்லூரியில் இல்லை. மேடம் வேறு இடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். சாம்பிள் ஃபிரிட்ஜில் இருக்கிறது. அளந்துவிட்டு எழுதுவதா, இப்போதே எழுதுவதா?

வாலாஜா டு லைப்சிக்:

இப்போதே எழுதுங்கள். அளக்கப் போகிறேன் என்று எழுதுங்கள், எண் வந்ததும் இரண்டாவது மெயிலுக்கு அதுவே காரணமாகிவிடும். சாம்பிளில் செல்களை மையவிலக்கில் பிரித்துவிட்டுத்தான் வைத்திருக்கிறீர்களா? பிரிக்காமல் வைத்திருந்தால் ஃபிரிட்ஜிலும் மெதுவாக வேலை நடந்துகொண்டே இருக்கும், அந்த எண்ணை நம்ப முடியாது.

சத்துவாச்சாரி ரிட்டயர்டு:

இதையெல்லாம் செய்கிற நேரத்தில் இளங்கலை மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்டுக்கும் விண்ணப்பம் போட்டுவிடு பாப்பா. சீல் வைத்த கவரில் எத்தனை பிரதி வேண்டும் என்று முன்னாடியே எண்ணிக்கொண்டு போ, குறைவாக வாங்கினால் மறுபடி அலைய வேண்டும். ஆங்கிலவழியில் படித்ததற்கான சான்றையும் கல்லூரி முதல்வரிடம் கையெழுத்து, முத்திரையோடு வாங்கிவிடு, சில இடங்களில் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் பதிலாக அதையே ஏற்றுக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பார். ஒன்றில் இனிஷியல் முன்னாலும் இன்னொன்றில் அப்பா பெயர் விரிவாகப் பின்னாலும் இருந்தால் விசா நேரத்தில் தலைவலி. திருத்த வேண்டியிருந்தால் அதற்குத்தான் எல்லாவற்றையும் விட அதிக நாள் பிடிக்கும்.